கூட்டம் வேறு, வியாபாரம் வேறு: சித்திரைத் திருவிழாவில் ஓட்டல் நடத்துவது எப்படி?

ஊரில் பெரிய விழா வந்தால் ஓட்டல்காரர்களுக்கு அறுவடை என்பது வெளியே நின்று பார்ப்பவர்கள் போடும் கணக்கு. மதுரையில் அழகரைப் பார்க்க லட்சக்கணக்கானவர்கள் தெருவில் நிற்கும்போதே, நாலு கடை தள்ளி ஒரு சந்துக்குள் இருக்கும் மெஸ்ஸில் சாம்பார் ஆறிக் கிடக்கும். அதே நேரத்தில் முக்கில் இருக்கும் டீக்கடையில் பால் தீர்ந்துபோயிருக்கும். இரண்டு இடத்திலும் கூட்டம் ஒன்றுதான். யார், எந்த நேரத்தில், எந்த வழியாக உங்கள் வாசலைக் கடக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஓட்டலில் மேற்பார்வையாளராக இருப்பவர்களும் புதிதாகக் கடை எடுத்தவர்களும் விழா வருவதற்கு முன்பே இதைக் கணக்குப் போட வேண்டும்.

முதல் வேலை காலண்டரைப் பார்ப்பது. சித்திரைத் திருவிழா என்று ஒரே பெயரில் சொன்னாலும் இவை இரண்டு விழாக்கள். மீனாட்சியம்மன் கோயில் விழா ஒன்று, அழகர்கோயில் விழா இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-ல் ஏப்ரல் 21 மீனாட்சி திருக்கல்யாணம், 22 தேர், 23 அழகர் வைகை ஆற்றில் இறங்கியது. மூச்சு விட நேரமில்லாத மூன்று நாள். 2025-ல் மே 8 திருக்கல்யாணம், 9 தேர், அழகர் இறங்கியதோ மே 12. நடுவில் இரண்டு நாள் கிடைத்தது. முதல் வகை ஆண்டில் சரக்கை முன்கூட்டியே குவித்தாக வேண்டும். இரண்டாம் வகையில் ஆட்களுக்கு ஓய்வு கொடுத்து, பாத்திரம் கழுவி, மறுபடி சந்தைக்குப் போய்வர அவகாசம் உண்டு. போன வருஷக் கணக்கை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். மே மாதம் என்றால் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். குழந்தைகளோடு வருகிற வெளியூர்க் குடும்பங்கள் கூடும். இட்லியும் தயிர் சாதமும் அதிகம் போகும்.

அடுத்தது அன்னதானம். நிர்வாகப் படிப்பு படித்துவிட்டு வரும் இளைஞர்கள் தங்கள் திட்டத்தில் இதை எழுத மறந்துவிடுகிறார்கள். திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளி வளாகத்தில் கல்யாண விருந்து நடக்கிறது. மக்கள் சாப்பிட்டுவிட்டு மொய்யும் எழுதிவிட்டுப் போகிறார்கள். அழகர் வரும் வழி நெடுக அவர் நின்று செல்லும் மண்டகப்படிகள், நீர்மோர்ப் பந்தல்கள், பானகம், புளியோதரை, தக்காளி சாதம். இத்தனையும் இலவசமாகக் கிடைக்கும் தெருவில் நீங்கள் முழுச் சாப்பாட்டை இரட்டிப்பாக்கினால் சாயங்காலம் அண்டாவோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அன்னதானத்தோடு போட்டி போடாதீர்கள், அது தோற்கும் போட்டி. அங்கே கிடைக்காததை விற்கலாம். உட்கார ஒரு நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, கை கழுவத் தண்ணீர், நல்ல காபி, முக்கியமாக ஒரு சுத்தமான கழிப்பறை. குடும்பத்தோடு வந்த பெண்கள் ஒரு ஓட்டலைத் தேர்ந்தெடுப்பதற்குக் கடைசியில் சொன்னது பெரிய காரணம். அதற்கென்றே தனியாக ஒரு ஆள் போடுங்கள். அந்தச் சம்பளம் வீணாகாது.

ஆற்றுக்கு எந்தப் பக்கம்?

மதுரையில் ஓட்டல் நடத்துகிறவர் விழா நாளில் கேட்க வேண்டிய கேள்வி இது. காய்கறிச் சந்தை மாட்டுத்தாவணியில், அதாவது வைகைக்கு வடக்கே இருக்கிறது. கோயிலும் மாசி வீதிகளும் தெற்கே. அழகர் மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம், கோரிப்பாளையம் வழியாக ஆற்றுக்கு வருகிறார். ஆக, உங்கள் கடை கோயிலைச் சுற்றி இருந்தால், உங்கள் சரக்கு வண்டி வர வேண்டிய பாதையில்தான் அன்றைக்கு அழகர் வருகிறார். போலீஸ் எந்தப் பாலத்தை, எந்தத் தெருவை, எத்தனை மணிக்கு மூடுகிறது என்ற அறிவிப்பு வந்தவுடன் அதை வெட்டி எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். காய்கறி, கியாஸ் சிலிண்டர், பால், வாழை இலை எல்லாம் அடைப்புக்கு முந்தின நாளே வந்து இறங்கியிருக்க வேண்டும். தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் உள்ளவர்களுக்கு இது இன்னும் கடுமை. வடம் பிடிப்பதற்கு முன்பே அந்த வீதிகள் மூடப்பட்டுவிடும்.

சரக்குக்குச் சொன்னது ஆட்களுக்கும் பொருந்தும். மாஸ்டர் ஆற்றுக்கு வடக்கே குடியிருக்கிறார், கடை தெற்கே இருக்கிறது என்றால் காலை நாலு மணிக்கு அவர் வந்து சேருவார் என்று நம்ப முடியாது. முதல் நாள் இரவே கடையில் தங்க ஏற்பாடு செய்யுங்கள். பாய், மின்விசிறி, குளிக்க இடம் இவ்வளவும் கொடுத்துவிட்டுத்தான் தங்கச் சொல்ல வேண்டும். மூட்டைகளுக்கு நடுவே படுக்கச் சொல்லிவிட்டு மறுநாள் சுறுசுறுப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் செயலிகளை அடைப்பு நேரத்தில் அணைத்து வையுங்கள். வண்டியோட்டும் பையன் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. நேரம் தவறினால் வசவு மட்டும் உங்கள் கடைக்கு வந்து சேரும். கடை அடைப்புப் பகுதிக்கு வெளியே, கே.கே.நகர் போன்ற இடத்தில் இருக்கிறதா? அப்படியானால் நிலைமை தலைகீழ். நெரிசலுக்குப் பயந்து வீட்டிலேயே இருப்பவர்கள் உங்களிடம்தான் ஆர்டர் போடுவார்கள். நீங்கள் அன்றைக்குப் பார்சலுக்கு ஆள் கூட்ட வேண்டும்.

மணியைப் பார்த்து அடுப்பைப் பற்ற வையுங்கள்

திருக்கல்யாணம் காலையிலேயே முடிந்துவிடும். விடியும் முன்பே கிளம்பி வந்து காத்திருந்தவர்கள் ஒன்பது மணிக்குமேல் பசியோடு வெளியே வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது டிபன். பத்தரைக்கு டிபனை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்கு இலை போடும் வழக்கத்தை அன்று ஒருநாள் தள்ளி வையுங்கள். பொங்கலும் இட்லியும் மதியம்வரை ஓடட்டும்.

அழகர் இறங்கும் நாள் வேறு மாதிரி. முந்தின நாள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையில் தொடங்கி இரவு முழுக்கத் தல்லாகுளம் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கும். அதிகாலையில் அழகர் ஆற்றில் இறங்கியதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கலையும். அடுத்த சில மணி நேரம்தான் வியாபாரம். வெயில் ஏறினால் எல்லாரும் பஸ்ஸைப் பார்த்துப் போய்விடுவார்கள். இந்த நேரத்துக்கு ஐம்பது அயிட்டம் உள்ள பட்டியல் உதவாது. இட்லி, பொங்கல், வடை, பூரி, காபி, டீ போதும். தோசைக்கல் ஒன்று, தோசை கேட்பவர் நூறு பேர் என்றால் வரிசை நகராது. முன்பணம் வாங்கி டோக்கன் கொடுப்பது நல்லது. கூட்டத்தில் செல்போன் சிக்னல் திணறினால் பணப் பரிமாற்றம் நின்றுவிடும். ஆகவே பத்து, இருபது ரூபாய்ச் சில்லறையை முந்தின நாளே கல்லாவில் நிரப்பி வையுங்கள்.

இன்னொன்று. அழகர்மீது தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடன் உண்டு. கூட்டத்தில் வருகிறவர்கள் நனைந்த துணியோடு கடைக்குள் நுழைவார்கள். தரை வழுக்கும், கொதிக்கும் சாம்பார் வாளியோடு சப்ளையர் நடப்பது அந்தத் தரையில்தான். துடைப்பதற்கு ஆள் இல்லாமல் கடையைத் திறக்காதீர்கள். வாசலில் வரிசை நிறுத்துவதானால் தெருவில் வேண்டாம், உள்பக்கமாக நிறுத்துங்கள். 2022-ல் அழகர் இறங்கியபோது நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். நம் கடை வரிசையும் தெருவை அடைத்துவிடக் கூடாது.

அசைவ ஓட்டல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விரதம் இருக்கும் குடும்பங்கள் இந்த நாட்களில் கறி தொடுவதில்லை. கறி தோசைக்குப் பேர்போன ஊர் என்பதற்காக வழக்கமான அளவு கறி வாங்காதீர்கள். விழா முடிந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராகுங்கள். பெயிண்ட் அடிப்பது, சமையலறைப் பழுது பார்ப்பது போன்ற வேலைகளை முடிக்க விழா நாட்களே வசதி.

தேர்தல் சேர்ந்துகொண்டால் இன்னொரு கணக்கு. 2019-ல் தேரோட்டமும் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவும் ஏப்ரல் 18-ஆம் தேதி ஒரே நாளில் வந்தன. மதுரையில் மட்டும் இரவு எட்டு மணிவரை வாக்குப்பதிவு நடந்தது. 2024-ல் வாக்குப்பதிவு முடிந்து இரண்டு நாளில் திருக்கல்யாணம். ஓட்டுப் போட ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வருவார்களா என்பது ஒரு கவலை. ஆவணமில்லாமல் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கையில் கொண்டுபோனால் பறக்கும் படை பிடிக்கும் என்பது இன்னொன்று. சந்தைக்குப் பணத்தோடு போகிறவர் கொள்முதல் பில்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

விலை விஷயத்தில் என் கருத்து ஒன்றுதான்: ஏற்றாதீர்கள். வெளியூர்க்காரர் மறந்துவிடலாம், தினமும் வருகிற தெருக்காரர் மறக்க மாட்டார். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் பட்டியலைச் சுருக்குங்கள், அது யாரையும் உறுத்தாது.

கடைசியாக, விழா முடிந்த மறுநாள் கல்லாவை எண்ணுவதற்கு முன் ஆட்களின் கணக்கை முடியுங்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், பாதிப் பாதிப் பேராக லீவு, இரண்டையும் விழாவுக்கு முன்பே சொல்லி, சொன்னபடி கொடுங்கள். அழகர் மலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் வைகாசி முகூர்த்தங்கள் வந்துவிடும். கல்யாணச் சமையல் காண்டிராக்டர்கள் நல்ல மாஸ்டர்களைத் தேடி அலையும் மாதம் அது.