போட்டோ மட்டும் போகாத மோடம்

2001-ல் மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் டயல்-அப் இணைப்பு. வெப் பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கும். மெயிலில் போட்டோ இணைத்தால் மட்டும் பாதியில் நின்றுவிடும். தங்கையின் வேலை விண்ணப்பம் அன்று மாலைக்குள் போயாக வேண்டும். டெலிபோன் பில்லோ ஏறிக்கொண்டிருந்தது. நான் போன் லைனைத் திட்டினேன். பாவம், அதன் மேல் தப்பில்லை.

விண்டோஸ் 98-ல் கண்ட்ரோல் பேனல், மோடம்ஸ், பிராப்பர்ட்டீஸ், கனெக்‌ஷன், அட்வான்ஸ்டு என்று போனால் 'யூஸ் ஃப்ளோ கண்ட்ரோல்' வரும். எனக்கு அதில் டிக் இல்லை.

கம்ப்யூட்டர் மோடத்துக்கு நொடிக்கு 1,15,200 பிட் தள்ளும். வி.90 மோடம் லைனில் அனுப்புவதோ அதிகபட்சம் 33,600. "கொஞ்சம் பொறு" என்று சொல்ல வழியில்லாவிட்டால் மோடம் நிரம்பி, டேட்டா தொலையும். வெப் பக்கம் கேட்கும்போது நாம் அனுப்புவது கொஞ்சம்தான், அதனால் பிழைத்தது.

இதில் இரண்டு வகை. சாஃப்ட்வேர் (எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப்) முறை 17, 19 என்ற எண்ணுள்ள எழுத்துக்களையே சிக்னலாக அனுப்பும். அவை போட்டோ ஃபைலுக்குள்ளும் வரும், குழப்பம்தான். ஹார்டுவேர் (ஆர்டிஎஸ்/சிடிஎஸ்) முறைக்குத் தனி ஒயர்கள் உண்டு. அதையே தேர்ந்தெடுங்கள்.

நானும் தேர்ந்தெடுத்தேன். மோடம் டயலே செய்யவில்லை! கேபிளைச் சோதித்தால் 9 பின் கனெக்டரில் 8-ம் பின், அதாவது சிடிஎஸ் ஒயர், அறுந்திருந்தது. அதனால்தான் முன்பு யாரோ டிக்கை எடுத்திருக்கிறார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேறு கேபிள் வாங்கி வந்து மாட்டினேன். ஐந்தரை மணிக்குப் போட்டோ போய்ச் சேர்ந்தது.

இன்றைய விண்டோஸிலும் டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட்டின் 'போர்ட் செட்டிங்ஸ்' பக்கத்தில் இதே ஃப்ளோ கண்ட்ரோல் இருக்கிறது. அதை மாற்றுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள்.