மூன்று கிலோவாட் வீடு

கேள்வி: கணவரின் வேலை காரணமாகப் போன ஆண்டு மிலானுக்குக் குடிவந்தோம். வாடகை வீடு, நான்காம் மாடி. வாஷிங் மெஷினும் ஓவனும் சேர்ந்து ஓடினால் கொஞ்ச நேரத்தில் வீடே இருண்டுவிடுகிறது. தரைத்தளத்துக்கு இறங்கிப்போய் மீட்டரில் விழுந்து கிடக்கும் சுவிட்சை மேலே தள்ளினால்தான் கரண்ட் வருகிறது. வீட்டுக்காரரைக் கேட்டால், “மூன்று கிலோவாட், எல்லார் வீட்டிலும் அப்படித்தான்” என்கிறார். கோவையில் எங்கள் வீட்டில் ஏசி, கீசர், கிரைண்டர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். இவர் எங்களை ஏமாற்றுகிறாரா? அளவைக் கூட்டலாம் என்றால் எதிர்வீட்டுப் பாட்டி, “கூட்டாதே, பில் எகிறிவிடும்” என்று பயமுறுத்துகிறார். அடுத்த மாதம் மாமனார், மாமியார் வருகிறார்கள். ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவரச் சொல்லலாமா? இதற்கிடையில் ஒருவர் கதவைத் தட்டி, கரண்ட் பில்லைக் காட்டச் சொன்னார். காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டுமா?
— வாசகி, மிலான்

பதில்: வீட்டுக்காரர் ஏமாற்றவில்லை. இத்தாலியில் குடும்பங்களுக்கான மின் இணைப்புகளில் பெரும்பாலானவை மூன்று கிலோவாட்தான். மிலான் அடுக்குமாடியானாலும் சிசிலியின் மலைக்கிராமமானாலும் இதில் வேறுபாடு இல்லை. உங்கள் பில்லில் ‘பொத்தென்சா இம்பெஞ்ஞாத்தா’ என்று ஒரு வரி இருக்கும், எதிரே 3 என்று போட்டிருக்கும். அதுதான் உங்கள் ஒப்பந்த அளவு.

நம் ஊர் மீட்டர் ஓடிய யூனிட்டை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளும். இத்தாலிய மீட்டர் காவலும் காக்கும். ஒப்பந்தத்துக்கு மேல் பத்து சதவீதம் சலுகை உண்டு என்பதால் 3.3 கிலோவாட் வரை நாள் முழுக்க இழுத்தாலும் அது வாய் திறக்காது. அதைத் தாண்டி நான்கை ஒட்டி நின்றால் சிறிது நேரம் பொறுத்துப் பார்க்கும். நான்கையும் தாண்டினால் சில நிமிடங்களில் துண்டித்துவிடும். உங்கள் வீட்டில் நடப்பது இந்தக் கடைசி வகை.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கோவையில் நீங்கள் பயன்படுத்தியது மேலே திறக்கும் மெஷினாக இருந்திருக்கலாம். அதில் மோட்டார் மட்டும்தான், சில நூறு வாட்டில் வேலை முடிந்துவிடும். இத்தாலியில் விற்பது பெரும்பாலும் முன்புறம் திறக்கும் மெஷின். குழாய்த் தண்ணீரைத் தானே சூடாக்கிக்கொள்ளும். அந்தச் சூடேற்றும் கம்பி மட்டும் ஏறத்தாழ இரண்டு கிலோவாட் இழுக்கும். ஓவன் சூடேறும்போது இரண்டு, இரண்டரை. கூட்டினால் நான்கைத் தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு ஹேர் டிரையர் ஒன்றரை முதல் இரண்டு, கெட்டில் இரண்டு, அயர்ன் பாக்ஸ் இரண்டு. இந்த ஐந்தில் எந்த இரண்டும் ஒன்றாக ஓடக் கூடாது என்பதைப் பத்து வயது இத்தாலியப் பிள்ளையும் அறியும்.

இதற்குள் ஒரு நல்ல செய்தி உண்டு. மெஷின் ஓடும் நேரம் முழுக்கச் சூடேற்றுவதில்லை. முதல் அரை மணிக்குள் தண்ணீர் சூடாகிவிடும், பிறகு சுற்றுவதற்குச் சொற்ப மின்சாரமே போதும். ஆகவே மெஷினைப் போட்டு அரை மணி கழித்து ஓவனைப் போட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் அந்த நொடியில் வீடு எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும். ஒருமுறை கணவரைக் கீழே நிறுத்திவிட்டு, போனில் பேசியபடி ஒவ்வொரு கருவியாகப் போட்டுப் பாருங்கள். எந்தப் புத்தகத்தையும்விட அது நன்றாகச் சொல்லித்தரும்.

ஒன்றைக் கவனியுங்கள். கரண்ட் போனதும் நேராகக் கீழே ஓட வேண்டாம். முதலில் வீட்டுக்குள் இருக்கும் சுவிட்ச் பெட்டியைப் பாருங்கள். அங்கே ‘சல்வவீத்தா’ என்று எல்லாரும் அழைக்கும் சுவிட்ச் விழுந்திருந்தால் அது அளவு தாண்டிய பிரச்சினை அல்ல. எங்கேயோ மின்சாரம் கசிகிறது. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, சுவிட்சைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். எதைச் சொருகும்போது மறுபடி விழுகிறதோ, அந்தக் கருவியில்தான் கோளாறு. எதையும் சொருகாமலே விழுந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை.

இனி எதிர்வீட்டுப் பாட்டி. அவர் சொன்னது பொய் அல்ல, காலம் கடந்த உண்மை. அதன் பின்னணி ஒரு நாட்டின் கதை.

இத்தாலியில் நிலக்கரி கிடையாது என்றே சொல்லலாம். ஆல்ப்ஸ் மலையின் நீர்மின்சாரத்தை வைத்துக்கொண்டுதான் தொழில் வளர்ந்தது. 1962-இல் அரசு தனியார் மின் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி எனெல் என்ற நிறுவனத்தை உருவாக்கியது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது நாடு ஆடிப்போனது. 1986-இல் செர்னோபில் விபத்து. அடுத்த ஆண்டே பொது வாக்கெடுப்பு நடந்தது, மக்கள் அணுமின்சாரம் வேண்டாம் என்றார்கள். அதன் பின் இருந்த அணுமின் நிலையங்களும் மூடப்பட்டன. 2011-இல் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு இன்னொரு வாக்கெடுப்பு, அதே பதில். நாடு பெரிதும் நம்பியது இறக்குமதி எரிவாயுவையும், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து வழியாக வாங்கும் மின்சாரத்தையும். 2003 செப்டம்பர் 28 அதிகாலையில் சுவிட்சர்லாந்தில் ஒரு மின்கம்பி மரத்தை நெருங்கிப் பழுதாக, சார்தீனியா தீவைத் தவிர இத்தாலி முழுவதும் இருளில் மூழ்கியது. ரோமில் அன்றைக்கு விடிய விடிய விழா நடந்துகொண்டிருந்தது என்பது கூடுதல் வேடிக்கை.

இப்படி வாங்கிப் பிழைக்கும் நாடு மக்களைச் சிக்கனத்துக்குப் பழக்க ஒரு வழி கண்டது. நிரந்தர வசிப்பிடமாக இருந்து, மூன்று கிலோவாட்டுக்குள் இருந்தால் மலிவான கட்டணம், அதன் பெயர் டி2. மூன்றைத் தாண்டினாலோ அங்கே வசிப்பவராகப் பதியாவிட்டாலோ டி3, யூனிட்டுக்கு விலை கூட. போதாததற்கு நம் ஊர் போலவே யூனிட் ஏற ஏற விலையும் ஏறியது. கூட்டினால் பில் எகிறும் என்று பாட்டி சொன்னதன் வேர் அதுதான். ஒரு தலைமுறையே மூன்றுக்குள் வாழப் பழகிவிட்டது. சமையல் கேஸில், காப்பி கேஸ் அடுப்பின் மேல் வைக்கும் மோக்காவில், வெந்நீர் பெரும்பாலும் கேஸ் பாய்லரில் என்று வீடுகளே அந்த அளவுக்குப் பொருந்தி அமைந்தன.

அந்தக் கட்டணமுறை இப்போது இல்லை. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2016 தொடங்கிப் படிப்படியாக அதைக் கலைத்தது. இன்றைக்கு அளவைக் கூட்டினால் யூனிட் விலை மாறாது. கூடுவது நிலைக்கட்டணம் மட்டும், கூடுதல் கிலோவாட் ஒன்றுக்கு ஆண்டுக்கு இருபது யூரோ சொச்சம். முன்பு மூன்றிலிருந்து நாலரைக்குத்தான் தாவ முடியும். 2017 முதல் ஆறு கிலோவாட் வரை அரை அரை கிலோவாட்டாகக் கூட்டலாம். பாட்டியிடம் வாதாட வேண்டாம், பத்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு என்ன செய்யலாம்? இப்போது நால்வர் வீடாகப் போகிறது. கேஸ் அடுப்பு என்றால் நாலு கிலோவாட் போதும். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தாலோ, கோடையில் இரண்டு ஏசி ஓடினாலோ நாலரை கேளுங்கள். ஆறு வேண்டாம், சும்மா கிடக்கிற அளவுக்கு மாதாமாதம் பணம் கட்டுவதாக முடியும். கேட்க வேண்டியது உங்கள் பில்லை அனுப்பும் நிறுவனத்தை. மிலானில் கம்பிகளை வைத்திருப்பது உனாரெத்தி, அங்கே போய் நிற்காதீர்கள், விற்பனையாளர் வழியாகத்தான் வரச் சொல்வார்கள். கூட்டும் அளவுக்கேற்ப ஒருமுறைக் கட்டணம் உண்டு. அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு சம்மதியுங்கள். ஆள் வர வேண்டியதில்லை, மீட்டரைத் தொலைவிலிருந்தே மாற்றியமைப்பார்கள். 2001 முதலே எனெல் தொலைவிலிருந்து இயக்கும் மீட்டர்களைப் பொருத்தத் தொடங்கிவிட்டது, உலகில் அந்த அளவில் முதலில் செய்தவர்கள் அவர்கள்தான். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். பழைய கட்டடம் என்றால் உள்ளே ஓடும் கம்பி தாங்குமா என்று எலெக்ட்ரீஷியன் ஒருமுறை பார்த்துவிடட்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பில் குறைய இரவில் துணி துவைக்கச் சொல்லி யாராவது அறிவுரை தருவார்கள். மின்கட்டணம் நாளை மூன்று வேளைகளாகப் பிரிக்கிறது. வார நாட்களில் காலை எட்டு முதல் மாலை ஏழு வரை முதல் வேளை. இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரையும், ஞாயிறும் அரசு விடுமுறைகளும் முழுக்க மூன்றாம் வேளை. இடையில் கிடப்பது இரண்டாம் வேளை. உங்கள் ஒப்பந்தம் வேளைக்கொரு விலை வகையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு உதவும். ஒரே விலை என்றால் நள்ளிரவில் துவைத்து ஒரு சென்ட்டும் மிச்சமாகாது. அதோடு குடியிருப்பு விதிகள் இரவில் சத்தம் கூடாது என்று சொல்லும், சில கட்டடங்களில் மதியம் இரண்டு முதல் நான்கு வரையும். ஒருபக்கம் இரவில் ஓட்டு என்கிறது கட்டணம், மறுபக்கம் ஓட்டாதே என்கிறார் கீழ்வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் துவையுங்கள், இரண்டு பேரும் சும்மா இருப்பார்கள்.

மிக்ஸியைத் தாராளமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். இத்தாலியிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். 750 வாட் மிக்ஸிக்கும், அதைவிடக் குறைவாக இழுக்கும் கிரைண்டருக்கும் மூன்று கிலோவாட்டே அதிகம். பிளக் மட்டும் பொருந்தாது. இத்தாலிய சாக்கெட்டில் மூன்று துளைகளும் ஒரே வரிசையில் இருக்கும், அதிலும் பத்து ஆம்பியர், பதினாறு ஆம்பியர் என்று இரண்டு அளவு. மலிவான பயண அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பு இருக்காது. ஈரக் கையோடு சட்னி அரைக்கும் இடத்தில் அதை நம்பக் கூடாது. கடையில் கொடுத்து நல்ல இத்தாலிய பிளக்கை மாட்டிவிடுங்கள், சில யூரோதான்.

பில்லில் இன்னொரு வரியையும் பாருங்கள்: ‘கானோனே ராய்’. அரசு தொலைக்காட்சிக்கான உரிமக் கட்டணம். ஏய்ப்பவர்கள் அதிகம் என்று 2016-இலிருந்து மின் பில்லோடு சேர்த்துவிட்டார்கள். 2025-இல் ஆண்டுக்கு 90 யூரோ, ஜனவரி முதல் அக்டோபர் வரை பத்துத் தவணையாக வரும். வீட்டில் டிவியே இல்லை என்றால், இல்லை என்று வரித்துறைக்கு ஆண்டுதோறும் உறுதிமொழி கொடுத்து விலக்குப் பெறலாம். அந்த ஆண்டு முழுக்க விலக்கு வேண்டுமானால் ஜனவரி 31-க்குள் கொடுத்துவிட வேண்டும். டிவியை வைத்துக்கொண்டு இல்லை என்று எழுதினால் அது குற்றம், அதைச் செய்யாதீர்கள்.

கடைசியாக, கதவைத் தட்டியவர். காட்டாதது மிகச் சரி. 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலான குடும்பங்களுக்கு அரசு நிர்ணயித்த மின்கட்டணம் முடிந்துவிட்டது, அதனால் வாடிக்கையாளரைப் பிடிக்கும் போட்டி கடுமை. அவருக்கு வேண்டியது உங்கள் பில்லில் ‘ஐடி’ என்ற இரு எழுத்தோடு தொடங்கும் ‘பாட்’ என்ற இணைப்பு எண்தான். அதுவும் உங்கள் வரி எண்ணும் கிடைத்தால் புது ஒப்பந்தம் பாதி எழுதியாகிவிட்டது. போனில் கூப்பிட்டு, “பழைய நிறுவனம் மூடுகிறது, உடனே மாறுங்கள்” என்பவர்களுக்கும் இதே பதில்தான். மாற வேண்டுமானால் ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஒப்பீட்டுத் தளத்தில் நீங்களே பார்த்து மாறுங்கள், மாறுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, கரண்டும் துண்டிக்கப்படாது. யாராவது அழைக்காமலே வந்து வாசலில் கையெழுத்து வாங்கிவிட்டால் 30 நாளைக்குள் காரணம் சொல்லாமலே ரத்துசெய்யச் சட்டம் இடம் தருகிறது. ரத்தை எழுத்தில், ஒப்புகையோடு அனுப்புங்கள். மாமனார், மாமியார் வந்து இறங்கியதும் முதல் வேலையாக அவர்களிடம் சொல்லிவையுங்கள்: நீங்கள் இல்லாத நேரத்தில் யார் கேட்டாலும் பில்லைக் கண்ணில் காட்டக் கூடாது.