ஆஸ்துமாவும் உடற்பருமனும்: ஊட்டச்சத்து மாத்திரைகளின் பயன்

உடற்பருமன் செல்வர்களுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட காலம் ஒன்று உண்டு. அந்நிலை இன்று மாறிவிட்டது. 2015-16ஆம் ஆண்டுத் தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்களாக இருந்தனர். 2019-21ஆம் ஆண்டு ஆய்வில் இது 40.4 விழுக்காடாயிற்று. கர்நாடகத்தில் 23.3 விழுக்காடு 30.1 ஆக உயர்ந்தது. பருமன் உடையோரிடம் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுகிறது. எனவே, ஆஸ்துமாவுக்கு நல்லவை என்று வாங்கப்படும் ஊட்டச்சத்து மாத்திரைகளின் உண்மைப் பயனை ஆராய்வது பொருத்தமாகும்.

இரண்டுக்கும் உள்ள தொடர்பு

வயிற்றிலும் மார்பிலும் சேரும் கொழுப்பு, உதரவிதானத்தின் அசைவைக் கட்டுப்படுத்துகிறது. நுரையீரல் போதிய அளவு விரிவதில்லை. மேலும், கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் சுரக்கிறது. இதனால் பருமன் உடையோரிடம் ஸ்டீராய்டு இன்ஹேலரின் பலன் ஓரளவு குறையக்கூடும். இக்குறையை ஊட்டச்சத்துகள் ஈடுசெய்யுமா என்பதே ஆய்வாளர்களின் வினாவாக இருந்தது.

சோதனைகளின் முடிவு

அமெரிக்காவில் நடந்த மூன்று சோதனைகள் குறிப்பிடத்தக்கவை. வைட்டமின் டி குறைந்திருந்த 408 ஆஸ்துமா நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், அந்த வைட்டமினைக் கூடுதலாக அளித்தும் நோய்க் கட்டுப்பாடு தவறுவது குறையவில்லை. 386 பேரிடம் சோயாச் சத்தைச் சோதித்த 2015ஆம் ஆண்டு ஆய்விலும் நுரையீரலின் திறன் மேம்படவில்லை. மிகை எடை அல்லது பருமன் உடைய 98 இளைஞர்களிடம் மீன் எண்ணெயைச் சோதித்து 2019இல் வெளியான ஆய்வும் ஆஸ்துமாக் கட்டுப்பாட்டில் முன்னேற்றம் காணவில்லை.

இதற்கு மாறாக, எடைக் குறைப்பு பலன் தந்துள்ளது. பின்லாந்தில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் உணவைக் குறைத்து எடையில் சுமார் 14.5 விழுக்காட்டை இழந்தவர்களின் மூச்சுத்திறன் உயர்ந்தது, நோய்க்குறிகள் தணிந்தன. உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே ஆஸ்துமா கட்டுப்படுவது எளிதாகிறது என்பது பின்னர் நடந்த ஆய்வுகளின் முடிவாகும்.

சட்டத்தின் நிலை

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி, ஊட்டச்சத்துத் துணைப்பொருள் எதுவும் குறிப்பிட்ட நோயைக் குணப்படுத்துவதாகக் கூறலாகாது. மருந்தாகப் பயன்படுத்துவதற்கு உரியதன்று என்ற வாசகமும் அதன் மேலுறையில் இருத்தல் வேண்டும். வாங்குவோர் முதலில் படிக்க வேண்டியது இவ்வாசகமே. 'இயற்கையானது' என்பது தீங்கற்றது என்பதற்கு உறுதியாகாது. தேனீக்கள் சுரக்கும் அரசக்கூழை உண்டதால் கடும் ஆஸ்துமா ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. வைட்டமின் டி அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து பெருகிச் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

குடும்பச் செலவில் முன்னுரிமை

இது மருத்துவம் பற்றிய வினா மட்டுமன்று. பொருளாதார வினாவும் ஆகும். 1997 வரை மைசூர் மாவட்டத்திலும் அதன்பின் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கிய கோபிநத்தம் போன்ற காட்டோரச் சிற்றூரில், மருத்துவரைக் காணச் செல்லும் கூலித் தொழிலாளி அன்றைய கூலியை இழக்க நேரிடும். அத்தகைய குடும்பம் மாத்திரை டப்பாவுக்குச் செலவிடும் தொகை, இன்ஹேலருக்கு இல்லாமற் போகும் தொகையாகும். இன்ஹேலரை இடையில் நிறுத்துவோருக்குத் திடீரெனக் கடும் மூச்சுத்திணறல் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே முன்னுரிமை தெளிவானது. மருத்துவர் குறித்த இன்ஹேலரை முறையாகப் பயன்படுத்துதல் முதலாவது. 2022ஆம் ஆண்டு தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புடெசொனைடு இன்ஹேலர் இடம் பெற்றுள்ளது. அடுப்புப் புகையையும் புகையிலைப் புகையையும் தவிர்த்தல் இரண்டாவது. சர்க்கரையும் எண்ணெயும் குறைத்து, கேழ்வரகு, பயறு, கீரை ஆகியவற்றை அளவோடு உண்டு, இயன்ற அளவு நடந்து எடையைக் குறைத்தல் மூன்றாவது. பரிசோதனையில் சத்துக் குறைவு கண்டறியப்பட்டால் அதற்குரிய மாத்திரையை மருத்துவர் தருவார். அது அக்குறைவுக்கான சிகிச்சையே அன்றி ஆஸ்துமாவுக்கான மருந்தன்று. இவ்வேறுபாட்டை ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்கள் மக்களுக்கு எடுத்துரைப்பின், ஏழைக் குடும்பங்களின் பணம் பயனுள்ள வழியில் செலவாகும்.