முகத்தில் பாயும் வலி

காலையில் முகம் கழுவுகிறோம். குளிர்ந்த நீர் கன்னத்தில் பட்டவுடன் மின்சாரம் தாக்கியதுபோல் ஒரு வலி பாய்ந்து, சில வினாடிகளில் மறைகிறது. சோறு மெல்லும்போதும், மோட்டார் சைக்கிளில் செல்கையில் காற்று வீசும்போதும் மீண்டும் வருகிறது. இதனைப் பல்வலி என்றெண்ணி நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டோர் பலர். பல் போயிற்று, வலி போகவில்லை.

வலி பிறப்பது பல்லில் அன்று, நரம்பில். மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாம் நரம்பு மூன்று கிளைகளாகப் பிரிந்து நெற்றி, கன்னம், கீழ்த்தாடை ஆகியவற்றின் உணர்ச்சியை மூளைக்குத் தெரிவிக்கிறது. பெரும்பாலோர்க்கு இரத்தக்குழாய் ஒன்று இந்நரம்பை அழுத்துவதே காரணம். அவர்களுள் மிகுதியானோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். சிலருக்கோ மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் காரணமாகிறது.

மின்கம்பியின்மீது இரப்பர் உறை இருப்பதை நாம் அறிவோம். நரம்பிழைகளுக்கும் மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. நோய்க் கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் ஆற்றல், இந்நோயில் தன் நரம்புறையையே தாக்கி அழிக்கிறது. உறை இழந்த இழைகளில் உணர்ச்சி தடம் மாறுவதால் மெல்லிய தொடுதலும் கடும் வலியாகிறது. நம் நாட்டில் இந்நோய் அரிது, குளிர்நாடுகளில்தான் மிகுதி. ஆயினும் இளவயதில் இவ்வலி வந்தாலும், இரு கன்னங்களிலும் வந்தாலும், மருத்துவர் இதனையும் கருதித் தலையைக் காந்த அதிர்வுப் படம் எடுக்கச் செய்வார்.

கண்ணை அசைத்தால் அதன் பின்புறம் வலிப்பதும், ஓரிரு நாள்களில் பார்வை மங்குவதும், சிவப்பு நிறம் வெளிறித் தோன்றுவதும் இந்நோயில் காணப்படுவனவே. வெறும் தலைவலி என்று கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடலாகாது. அன்றே சுகாதார நிலையத்திற்குச் செல்லவேண்டும். எல்லாத் தலைவலிக்கும் இப்படி அஞ்சவேண்டுவதில்லை.

முகத்தில் பாயும் இவ்வலிக்குப் பனடோல் பயன்படாது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமாசெபின் என்னும் மாத்திரை 1960-களிலிருந்து இதற்கும் பயன்பட்டு வருகிறது. ஆனால் ஆசிய மக்களுள் சிலரிடம் உள்ள ஒரு மரபணுவால் இம்மருந்து அவர்கள் தோலையே உரித்துவிடக்கூடும். இரத்தப் பரிசோதனையால் அம்மரபணுவை முன்னரே அறியலாம். அதுபற்றி மருத்துவரிடம் கேட்க நாம் தயங்கவேண்டியதில்லை. பிறருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்குவது ஆபத்து. மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சலோ, உடலில் தடிப்போ, வாய்ப்புண்ணோ கண்டால், அடுத்த மாத்திரையை உண்ணாது உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.