புலியின் இருப்பிடமும் கம்பியில்லாச் செய்தியும்

2013 ஜூலையில், மத்தியப் பிரதேசத்துப் பன்னா காப்பகப் புலியொன்றின் கழுத்துப்பட்டை அனுப்பும் இடக்குறிப்புகள் சேரும் மின்னஞ்சல் கணக்கில் அயலார் நுழைய முயன்றனர், முயற்சி தடுக்கப்பட்டது. அக்குறிப்புகளும் தனி மென்பொருளின்றிப் படிக்கவியலாதவை.

ஆயின் காட்டில் பரப்பிய உணர்கருவிகள் ஒன்றிலிருந்து ஒன்றாகச் செய்தியைக் கடத்தி நிலையம் சேர்க்கும் வலையமைப்புக்கு இக்காப்புப் போதாது. வேட்டைக்காரன் செய்தியைப் படிக்க வேண்டுவதே இல்லை. திசையறியும் ஏரியலுடன் நிலையத்தருகே காத்திருந்து, அலை வந்த கருவியை நாடி, பின் அதற்கு முந்தியதை நாடி, விலங்கையே அடைந்துவிடுவான்.

ஆதலின் செய்தியை முதலில் சில கருவிகள் வழியே அலையவிட்டுப் பின்னரே நிலையத்துக்குத் திருப்புவர். கண்டபடி அலையவிட்டால் அது புறப்பட்ட இடத்தையே சுற்றிநிற்கும். எனவே ஒவ்வொரு முறையும் ஒரு திசையைக் குறித்தே விடுத்தல் வேண்டும். அலைச்சல் மிகுந்தால் மின்கலம் விரைவில் தீரும். அடர்காட்டில் அதை மாற்றுதல் எளிதன்று.