நண்பர் காருக்கு இன்சூரன்ஸ் இல்லை

கேள்வி: சூலூரிலிருந்து கோவைக்கு நண்பரின் காரில் போனபோது லாரி மோதி என் கால் முறிந்தது. காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. இழப்பீடு கிடைக்குமா?

பதில்: கேட்கும் உரிமை உங்களுக்கு முழுதாக இருக்கிறதுங்க. கோவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதத்துக்குள் மனுப் போடுங்கள். லாரிக்காரர் மீதும் தப்பிருந்தால், முழுத் தொகையையும் லாரியின் இன்சூரன்ஸிடமே கேட்கலாம். கெனேயி வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. கார் மட்டுமே காரணமென்றால் நண்பர் கைக்காசுதான். சங்கடம்தான், ஆனாலும் அவரை எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். போலீஸ் பிடித்துவைத்த காரை ஈடு கட்டாமல் விடக்கூடாதென்று முதலிலேயே கோருங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் பத்திரம். மருந்துக்கடை பில்லில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவையுங்கள்.