ஆற்றுப்படையும் கடற்கரைச் செலவும்

விடுமுறை நாள்களில் மிதிவண்டியேறி நெடுந்தூரம் சென்று மீளும் ஆர்வம் மாணவரிடை மிக்கு வருகின்றது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து இளைஞர்க்குக் கடல் காணும் விருப்பமும், ஆங்குக் கிடைக்கும் மீனும் நண்டும் உண்ணும் விருப்பமும் ஒருங்கே உள்ளன. ஒருகால் கல்வராயன் மலையும் மரக்காணத்துக் கடலும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்துள் அடங்கியிருந்தன. 1993இல் விழுப்புரமும், 2019இல் கள்ளக்குறிச்சியும் தனி மாவட்டங்களாயின. அதன்பின் மலை ஒருவர்க்கும் கடல் மற்றொருவர்க்குமாய் நின்றன. ஆயினும் இடைப்பட்ட வழி அவ்வழியே. அதனை மிதிவண்டியிற் கடப்பது இரண்டு நாட் செயலே.

இச்செலவை வகுத்தற்குக் கைப்பேசி காட்டும் வரைபடமே போதும் என்பாருளர். வரைபடம் வழியின் நீளத்தைக் காட்டும். வழியில் வாழ்வாரைக் காட்டாது. இரண்டையும் ஒருங்கே காட்டும் நூல்வகையொன்று நம் மொழியில் உண்டு. அதுவே ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், வறுமையோடு எதிர்வருவான் ஒருவனைக் கண்டு, தான் சென்ற நெறியையும் பெற்ற வளத்தையும் கூறி ஆற்றுப்படுத்துவது அதன் இலக்கணம். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின. அவற்றுள் சிறுபாணாற்றுப்படை நாம் கருதிய நிலத்தையே பாடுகின்றது.

இதனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். 269 அடிகளைக் கொண்ட இப்பாட்டு, ஏனைய ஒன்பது பாட்டுக்களோடும் நச்சினார்க்கினியர் உரையோடும் 1889இல் உ. வே. சாமிநாதையரால் அச்சேறியது. நல்லியக்கோடனது கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாய் விளங்குகின்றது. பாட்டிற் கூறப்படும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், வேலூரை உப்புவேலூர் என்றும், ஆமூரை நல்லாமூர் என்றும் கருதுவர்.

ஒவ்வோர் ஊரிலும் எவர் எவ்வுணவு அளிப்பர் என்பதைப் புலவர் நிரலே கூறுகின்றார். எயிற்பட்டினத்தில், அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரங்கள் ஒட்டகங்கள் உறங்குவன போலக் கிடக்கின்றன. அவையே பரதவர் வீட்டு விறகு. அவர்கள் உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருவர். வேலூரில் எயினர் மகளிர் புளியிட்டு அட்ட சோற்றையும் ஆமான் சூட்டையும் அளிப்பர். ஆமூரில் உழவர் மனையில் நன்கு குற்றிய அரிசியின் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும். ஒரு சிறு நாட்டைக் கடப்பதற்குள் மூன்று நிலத்து அடுக்களைகளை நாம் கண்டுவிடுகின்றோம். அந்தந்த மண்ணும் நீரும் தருவதே அந்தந்த ஊரின் விருந்து. இன்றும் அக்கரையில் கருவாடு உலர்கின்றது. வயற்புறத்தில் நண்டுக்குழம்பு மணக்கின்றது.

இவ்வுணவு வளத்தைக் கூறுமுன் புலவர் மற்றோர் அடுக்களையையும் காட்டியுள்ளார். கூரை சிதைந்து காளான் முளைத்த வீடு. கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் பாலின்றிக் குரைக்கின்றது. பாணன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து, உப்பும் இன்றி அவித்து, பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கின்றாள். இதனைப் படித்தபின் மரக்காணத்து உப்பளங்களைக் காண்பவர் உள்ளம் அசையாதிராது. உப்பின்றிக் கீரை தின்ற பாணனே, உப்பு விளையும் நாட்டை நோக்கி மற்றொருவனை ஆற்றுப்படுத்துகின்றான். நாம் சுவைக்காகச் செல்லும் வழியில் அவன் பசிக்காகச் சென்றான். அந்த உப்பு இன்றும் பலருடைய வெயிலுழைப்பால் விளைவது. மழை வந்தால் அவர்தம் வேலை நின்றுவிடும்.

இனி நம் செலவின் ஒழுங்கைக் கூறுவோம். பாட்டு கடலினின்று உள்நாட்டிற்குச் செல்கின்றது. நாம் எதிர்முகமாகச் செல்வோம். முதல் நாள் வைகறையில் கள்ளக்குறிச்சியை விட்டுத் தியாகதுருக்கம் வழியாகத் திருக்கோவலூரை அடைக. ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்றைக் கண்டு, வெயில் தாழ்ந்தபின் மேலும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்று விழுப்புரத்தில் தங்குக. மறுநாள் திண்டிவனம் வழியாக மரக்காணம் சேர்க. விழுப்புரம் திண்டிவனம் நெடுஞ்சாலையில் பெருவண்டிகள் விரைவன. ஆதலின் இடவோரமாக ஒருவர்பின் ஒருவராகச் செல்க. மூன்றாம் நாள் உப்பளங்களையும், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரியையும், வடக்கே நத்தத்தனாரின் இடைக்கழிநாட்டிலுள்ள ஆலம்பரைக் கோட்டையையும் காண்க.

தையும் மாசியும் தக்க காலம். வாடைக்காற்று எதிர்த்து வீசுமாயினும் வெயில் பொறுக்கத்தக்கது. கழுவேலியில் வலசைப் பறவைகளும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை புயற் காலம். 2024 நவம்பர் 30இல் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்த பெஞ்சல் புயல் இவ்வழியிலுள்ள ஊர்களை வெள்ளத்தில் ஆழ்த்திற்று. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகள் கடலிற் செல்லத் தடையுண்டு. அக்காலத்தில் மீன்வரத்துக் குறையும்.

கல்வராயன் மலையினின்று இறங்கிப் புறப்படுவார்க்கு மற்றோர் ஆற்றுப்படை துணையாகும். செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எண்ணுகின்றது. பன்றிக்கு வைத்த பொறி, பாம்புறையும் குழி, யானையை நோக்கி எறிந்த கவண்கல், பாசி வழுக்கும் பாறை ஆகியவற்றைக் கூறி, இருளில் நடவாது தங்குமாறு அறிவுறுத்துகின்றது. செங்குத்தான மலைச்சாலையில் இறங்கும் மிதிவண்டிக்காரன் தடைக்கட்டைகளைச் சோதித்துப் பகலிலேயே இறங்குவது அவ்வறிவுரையின் இக்காலப் பொருளாம்.

ஒன்றில் மட்டும் நாம் பழம்பாட்டைப் பின்பற்றலாகாது. எயிற்பட்டினத்துப் பரதவர் மீனோடு தேறலும் அளித்தனர். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் நச்சுச் சாராயம் பருகிப் பலர் மாண்டனர். கருணாபுரத்து நிகழ்ச்சியில் மட்டும் இறந்தோர் அறுபதின் மேற்பட்டோர். நம் செலவின் இரு முனைகளிலும் இத்துயர் நிகழ்ந்துள்ளது. மகிழ்ச்சி தேடிச் செல்லும் மாணவர் அவ்வூர்களின் துக்கத்தையும் அறிந்து செல்லுதல் வேண்டும்.

உண்ணும் முறைமையிலும் ஒழுங்கு வேண்டும். இன்று எவ்வீட்டாரும் நம்மைப் பாணராக எண்ணி அழைப்பதில்லை. சிறு உணவுக்கடைகளே நமக்கு விருந்தளிக்கும் மனைகள். ஆங்கு வஞ்சிரமே வேண்டுமென வற்புறுத்தாது, இன்று வலையில் யாது வந்தது என வினவி அதனை உண்க. விலையை அடித்துப் பேசற்க. நம் ஆண்டவர் எழுபது சீடரை ஊர்தோறும் அனுப்பியபோது, முன்வைக்கப்படுவதை உண்ணுமாறு கற்பித்ததை லூக்கா எழுதியுள்ளார். வழிச்செல்வோர்க்கு அதனினும் சிறந்த விதி வேறில்லை.

மீண்டு வந்தபின் செய்யவேண்டுவது ஒன்று எஞ்சியுள்ளது. நிழலுள்ள இடம், நன்னீர் கிடைக்கும் ஊர், பழுது பார்க்கும் கடை, அன்போடு சோறிட்ட கை ஆகியவற்றைக் குறித்து வைத்து, அடுத்துச் செல்வோர்க்கு உள்ளவாறே உரைத்தல் வேண்டும். மிகைபடக் கூறின் அவர் ஏமாறுவர். மறைத்து வைப்பின் நாம் பெற்றது நம்மோடே அழியும். அடுத்த தைத் திங்களில் இவ்வழிச் செல்ல விரும்பும் நண்பர்கள் சிறுபாணாற்றுப்படையை ஒருமுறை முற்றும் படித்துவிட்டுப் புறப்படுவாராக.